ஐந்து அண்டா பிரியாணியும் 67 நிமிடமும்: டர்பனில் ஒரு மண்டேலா தின நிகழ்வு ஆய்வு

டர்பனின் தெற்கே சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோவில் மண்டபம். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே நடந்த மண்டேலா தினக் கொண்டாட்டத்தில், 670 பேருக்கென்று சமைத்த பிரியாணி முழுவதையும் பரிமாறுவதற்குச் சற்று முன்னால் கொட்ட வேண்டி வந்தது. நான் அந்தக் குழுவின் செயலாளர். சனிக்கிழமைகளில் அதே மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். தலைவர்களின் பிறந்தநாளுக்கு அன்னதானம் வைக்கும் தமிழ்ச் சங்கங்கள் எல்லா நாட்டிலும் இருப்பதால், நடந்ததை ஒளிக்காமல் எழுதி வைப்பது நல்லது என்று குழுவில் பேசி முடிவு செய்தோம். பெயர்கள் எதுவும் இதில் இல்லை.

பின்னணி

நெல்சன் மண்டேலா பிறந்தது 1918 ஜூலை 18. ஐ.நா. பொதுச்சபை 2009 நவம்பரில் அந்த நாளை மண்டேலா தினமாக அறிவித்தது. தென்னாப்பிரிக்காவில் அது அரசு விடுமுறை இல்லை. 1942 முதல் 67 ஆண்டுகள் அவர் பொதுவாழ்வில் இருந்தார் என்று கணக்கு வைத்து, ஆளுக்கு 67 நிமிடம் பிறருக்காக ஏதாவது செய்யுங்கள் என்பதுதான் வேண்டுகோள். பள்ளிக்கூடச் சுவருக்கு வர்ணம் அடிப்பார்கள், போர்வை பின்னுவார்கள், சூப் காய்ச்சுவார்கள். தலைவர் பிறந்தநாள் என்றால் ஒலிபெருக்கி கட்டி மிட்டாய் கொடுக்கும் ஊரிலிருந்து வந்த எனக்கு இது முதலில் புதுமையாக இருந்தது. ஒலிபெருக்கியும் மிட்டாயும் இங்கேயும் வந்து சேர்ந்துவிடும் என்பது போகப் போகத்தான் தெரிந்தது.

சாட்ஸ்வொர்த் பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டும். 1950ஆம் ஆண்டு இனவாரிக் குடியிருப்புச் சட்டம் வந்தபின், கேட்டோ மேனர் முதலான இடங்களிலிருந்து கிளப்பிவிடப்பட்ட இந்தியர்களை 1960களில் கொண்டுவந்து குடிவைத்த ஊர் இது. 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் வந்து இறங்கியவர்களுக்கும் அவர்களுக்குப் பின் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களுக்கும் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள்தான் இன்றைக்கு எங்கள் குழுவில் இருப்பவர்கள். கூட்டம் ஆங்கிலத்தில் நடக்கும். சாப்பாடு, சாமி, உறவுமுறை மூன்றுக்கும் தமிழ் வரும். கோவிலுக்குப் பின்னால் இருக்கும் சரிவில் தகரக் குடிசைகள். அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் ஜூலு பேசுகிறவர்கள்.

குழு ஆறாவது ஆண்டாக இதைச் செய்துகொண்டிருந்தது. ஆரம்பத்தில் சூப்பும் ரொட்டியும்தான். அப்புறம் பொலோனி (பதப்படுத்திய இறைச்சித் துண்டு) வைத்த சாண்ட்விச். 2018 மார்ச்சில், நாடு முழுக்கப் பரவிய லிஸ்டீரியா நோய்க்குப் பொலோனிதான் காரணம் என்று அரசு அறிவித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் கண்டு, 200க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோன விஷயம் அது. அதோடு சாண்ட்விச்சை விட்டுவிட்டுச் சைவப் பிரியாணிக்கு மாறினோம். 'சுடச்சுடச் சமைத்தது, பயமில்லை' என்பதுதான் அன்றைக்குக் குழு சொன்ன காரணம். சுடச்சுட என்ற பகுதியை எப்போது கைவிட்டோம் என்பதுதான் இந்த ஆய்வின் முக்கியமான கேள்வி.

முதல் இரண்டு பிரியாணி ஆண்டுகளில் கோவில் சமையல்காரப் பெண்கள் விடியற்காலையில் அடுப்பு மூட்டி, பதினொரு மணிக்குமேல் பரிமாறினார்கள். மூன்றாம் ஆண்டில் வெளியிலிருந்து தொண்டர்கள் வரத் தொடங்கினார்கள். அலுவலகங்களிலிருந்து குழுவாக, ஒரே நிறச் சட்டை போட்டு வருவார்கள். நல்ல மனதோடுதான் வருகிறார்கள், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அவர்களுக்கு இருப்பது 67 நிமிடம். காலை 9 மணிக்கு வந்து 10.07க்குக் கிளம்ப வேண்டும். அந்த நேரத்துக்குள் டப்பாவில் போட்டு, வரிசையில் கொடுத்து, படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படியென்றால் ஒன்பது மணிக்குச் சாப்பாடு தயாராக இருந்தாக வேண்டும். ஐந்து அண்டாவை ஒன்பதுக்குள் முடிக்க வேண்டுமானால் முந்தின இரவே சமைத்தால்தான் உண்டு. இப்படி யாரும் உட்கார்ந்து திட்டமிடவில்லை. நிகழ்ச்சி நிரலை முதலில் அடித்துவிட்டு, சமையல் நேரத்தை அதில் மிச்சமிருந்த இடத்தில் செருகினோம்.

வெள்ளிக்கிழமை இரவு

அந்த ஆண்டு ஜூலை 18 வார நாளில் வந்ததால், அதற்கு முந்தின சனிக்கிழமையை வைத்துக்கொண்டோம். வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணிக்கே காய் நறுக்கத் தொடங்கியாயிற்று. அரிசி 60 கிலோ, மசூர்ப் பருப்பு 12 கிலோ, உருளைக்கிழங்கு, கேரட், பட்டாணி, சோயா துண்டு. டர்பன் பிரியாணியில் மசூர்ப் பருப்பு கட்டாயம். நம்மூர்க்காரர்கள் முதல்முறை பார்த்தால் 'பருப்புச் சாதமா இது?' என்பார்கள், அது வேறு கதை. பருப்பு நாலரை மணிக்கே வெந்து, வடித்து, பிளாஸ்டிக் தொட்டியில் மூடி வைக்கப்பட்டது. அரிசியோடு அதை அடுக்கும்போது மணி ஒன்பதாகிவிட்டது.

இரவு 11.15க்குக் கடைசி அண்டாவை இறக்கினார்கள். எல்லா அண்டாவுக்கும் மூடி போட்டு, மேலே ஈரத்துணி, அதற்கும் மேலே பழைய கம்பளி. காலைவரை சூடு நிற்கும் என்று நினைத்தார்கள். சிறு தீயிலேயே விட்டுவைக்கலாமா என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறான். நள்ளிரவுக்கு மண்டபத்தைப் பூட்டி அலாரம் போட வேண்டும், ஆளில்லாத இடத்தில் கேஸ் அடுப்பு எரியக் கூடாது. அது சரியான பதில்தான். 'ஜூலை குளிர், ஒண்ணும் ஆகாது' என்று இன்னொருவர் சொன்னது சரியில்லை.

டர்பன் ஜூலை இரவில் வெளியே 11, 12 டிகிரி இருக்கும். அந்தக் குளிர் கம்பளிக்குள் இருக்கிற அண்டாவின் நடுவுக்குப் போகாது. சமைத்த சாப்பாட்டை 60 டிகிரிக்கு மேலே வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் சீக்கிரமாக ஆறவைத்து 5 டிகிரிக்குக் கீழே கொண்டுபோக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் மணிக்கணக்காக நின்றால் கிருமி பெருகும். நாங்கள் போர்த்திய கம்பளி, பிரியாணியைச் சூடாகவும் வைக்காமல் ஆறவும் விடாமல், சரியாக அந்த நடுவில் இரவு முழுக்க நிறுத்தி வைத்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் கோவிலில் ஆடி மாதக் கூழ் ஊற்றுவதை நாற்பது ஆண்டாகப் பார்த்துக்கொள்கிற ஆயா ஒருவர் இருக்கிறார். சின்ன வயதில் கேட்டோ மேனரிலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டவர். ஆயிரம் பேருக்குச் சமைக்க அளவுக் கிண்ணம் வேண்டாம் அவருக்கு. மண்டேலா தினச் சமையலில் அவர் இல்லை. வேண்டாம் என்று யாரும் சொல்லவும் இல்லை. ஏற்பாடெல்லாம் வாட்ஸ்அப் குழுவில் நடந்தது, ஆயாவிடம் இருப்பது பொத்தான் போன். வியாழக்கிழமை பூ கட்டும்போது யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, 'ராத்திரி ஆக்கி வெச்ச சோறு காலைக்கு நிக்காதே' என்று சொல்லியிருக்கிறார். கேட்டவர் அதைக் குழுவுக்குச் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை கண்டது

ஆறரைக்கு மண்டபம் திறந்தோம். பந்தல், பேனர், 67 என்று எழுதிய கேக், மேசைமேல் அடுக்கிய டப்பாக்கள், எல்லாம் அழகாக இருந்தன. ஏழே முக்காலுக்கு மூன்று தொண்டர்கள் பசி தாங்காமல் ஓர் அண்டாவின் ஓரத்திலிருந்து எடுத்துச் சாப்பிட்டார்கள். நன்றாக இருந்தது என்றுதான் சொன்னார்கள்.

எட்டு மணிக்கே வெளியே வரிசை நின்றது. முதுகில் குழந்தையைத் துண்டால் கட்டிய கோகோக்கள் (ஜூலுவில் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), காலி ஐஸ்கிரீம் டப்பாவைக் கையில் பிடித்த பிள்ளைகள். அறுநூறு பேர் இருக்கலாம்.

8.50க்கு ஆயா பூசைக்கு வந்தவர், சமையல்கட்டைத் தாண்டும்போது நின்றுவிட்டார். யாரையும் கேட்கவில்லை. மூன்றாவது அண்டாவின் கம்பளியை விலக்கி மூடியைத் தூக்கினார். ஆவி வரவில்லை. மூடியின் உள்பக்கத்தில் கோத்திருந்த தண்ணீர் மட்டும் சொட்டியது. கரண்டியின் காம்பை நடுவில் குத்தி, அடியிலிருந்து ஓர் உருளைக்கிழங்கை வெளியே எடுத்து, இரண்டு விரலால் பிட்டார். பிட்ட இரண்டு துண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய நூல் நீண்டது. மோந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

'ஊசிப்போச்சு டீச்சரு.'

புளித்த வாசனை பெரிதாக இல்லை. மசாலா வாசனைக்கு அடியில் ஏதோ ஈரத்துணி வாசனை. அதை நான் தனியாக இருந்திருந்தால் கவனித்திருக்கவே மாட்டேன் என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஒரு தொண்டரின் காரில், பிராய் (இங்கே தணலில் இறைச்சி சுடுவதை அப்படிச் சொல்வார்கள்) போடும்போது இறைச்சியில் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் இருந்தது. ஐந்து அண்டாவிலும் நடுவில் குத்திப் பார்த்தோம்: 43, 38, 46, 41, 39 டிகிரி. ஏறத்தாழ நம் உடம்புச் சூடு. அண்டாவை இறக்கி ஒன்பதரை மணி நேரம் ஆகியிருந்தது.

சேமிப்பறையில் 12 நிமிடம்

தலைவர், பொருளாளர், நான், சமைத்த குழுவிலிருந்து இரண்டு பேர், ஆயா. கதவைச் சாத்திக்கொண்டு பேசினோம். கதவைச் சாத்தியதற்குப் பின்னால் விலை கொடுத்தோம், அதற்குப் பிறகு வருகிறேன்.

மூன்று வழிகள் பேசப்பட்டன. முதலாவது, மறுபடி கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கிப் பரிமாறுவது. தலைவர் அங்கிள் இதில்தான் நின்றார். 'மண்டேலா பிறந்தநாளுன்னு கூப்பிட்டுட்டு, பசியோட வந்தவங்கள எப்படித் திருப்பி அனுப்புறது?' என்று கேட்டார். நியாயமான கேள்வி. குழுவில் ஒருவரின் மகள் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை செய்கிறாள். அவளுக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தோம். சோற்றில் வரும் ஒரு வகைப் பாக்டீரியாவின் வித்துகள் முதல் கொதியிலேயே சாவதில்லை, மிதச்சூட்டில் முளைத்துப் பெருகும், அது கக்கும் நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது என்று சொன்னாள். கிருமி செத்தாலும் விஷம் அப்படியே இருக்கும் என்றால் சூடாக்கிப் பயனில்லை. முதல் வழி அத்தோடு போயிற்று.

இரண்டாவது வழி, வாசனை வராத இரண்டு அண்டாவை மட்டும் பரிமாறுவது. இதில்தான் கூடுதல் நேரம் போனது. பொருளாளர் செலவை நினைத்தார், நானும் மனசுக்குள் அந்தப் பக்கமே சாய்ந்திருந்தேன். எல்லா அண்டாவும் ஒரே பருப்பு, ஒரே நேரம், ஒரே கம்பளி. மூக்குக்குத் தெரியாதது இல்லை என்று ஆகிவிடாது. இந்த வாதத்தை நான் இப்போது சொல்கிறேன், அன்றைக்குச் சொன்னது ஆயாதான், வேறு விதமாக. சமைத்த தம்பியைப் பார்த்து, 'உம் புள்ளைக்கு இதுல ஒரு வாய் ஊட்டுவியா?' என்று கேட்டார். அவன் பதில் சொல்லவில்லை. ஐந்தையும் கொட்டுவது என்று முடிவானது. மணி 9.22.

தலைவரும் ஒத்துக்கொண்டார். ஆனால் கவுன்சிலர் வந்துவிட்டார், தொண்டர்கள் வந்துவிட்டார்கள், நிகழ்ச்சியை நிறுத்த வேண்டாம் என்றார். யாரும் மறுக்கவில்லை. இதுதான் அன்று நாங்கள் எடுத்த மோசமான முடிவு என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. பின்னால் சாப்பாடு போய்விட்டது, முன்னால் மேடை நடந்துகொண்டிருந்தது. 1914 ஜூலை 18 அன்று காந்தி கேப்டவுனில் கப்பலேறி இந்த நாட்டை விட்டுப் போனார், நாலு ஆண்டு கழித்து அதே ஜூலை 18 அன்று மண்டேலா பிறந்தார் என்று தலைவர் ஒவ்வோர் ஆண்டும் சொல்வார். உண்மையான செய்தி, எனக்கும் பிடித்ததுதான். அன்றைக்கும் இருபது நிமிடம் அதைச் சொன்னார். 2008இல் லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த 90ஆம் பிறந்தநாள் நிகழ்ச்சியில், சுமையைத் தூக்கப் புதிய கைகள் வர வேண்டும் என்று மண்டேலா பேசியதைக் கவுன்சிலர் நினைவூட்டினார். கேக் வெட்டினார்கள். வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

வரிசைக்குச் சொன்னது, கொட்டியதில் செய்த தவறு

மண்டபக் காவலர் ஜூலு பேசுகிறவர், அந்தச் சரிவில்தான் குடியிருக்கிறார். 9.40க்கு அவரிடம் விஷயத்தைச் சொல்லி, வரிசையில் அறிவிக்கச் சொன்னோம். என்ன சொல்வது என்பதில் தலைவருக்கும் எனக்கும் சின்ன வாக்குவாதம். 'சமையல் தாமதம்' என்று சொல்லலாம் என்றார் அவர். சாப்பாடு கெட்டுவிட்டது, புதிதாகச் சமைக்கிறோம், பன்னிரண்டரை ஆகும் என்று உள்ளதை உள்ளபடி சொல்லலாம் என்றேன். காவலர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு உள்ளதையே போய்ச் சொன்னார்.

சிலர் திட்டினார்கள். நிறையப் பேர் சும்மா நின்றார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு கோகோ தன் டப்பாவை நீட்டி, பரவாயில்லை, கெட்டதையே கொடுங்கள், இதைவிட மோசமானதைச் சாப்பிட்டிருக்கிறோம் என்று சொன்னதாகக் காவலர் வந்து சொன்னார். சமைத்த தம்பி அதைக் கேட்டு மண்டபத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டான். அரை மணி நேரம் அவனை யாரும் கூப்பிடவில்லை.

இதற்கிடையில் இரண்டு அண்டாவைப் பக்கவாட்டுக் கதவு ஓரமாக நகராட்சிக் குப்பைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டார்கள். பத்து நிமிடத்தில் இரண்டு பையன்கள் தொட்டிக்குள் கைவிட்டு டப்பாவில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரு தொண்டர் ஓடிப்போய்ப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றினார். அவர் செய்தது பையன்களின் வயிற்றைக் காப்பாற்றியது. அதையே சாலையிலிருந்து யாராவது பார்த்தால் என்ன தெரியும்? பசித்தவன் எடுக்கிற சோற்றில் ஓர் இந்தியர் சோப்பு ஊற்றுகிறார். அப்படித்தான் தெரிந்திருக்கிறது.

மீதி மூன்று அண்டாவையும் பக்கியில் (பின்பக்கம் திறந்த சிறு சரக்கு வண்டி) ஏற்றி, கோவில் வாழைத்தோட்டத்துக்குக் கொண்டுபோய்க் குழி வெட்டிப் புதைத்தோம். முதலிலேயே இதைச் செய்திருக்க வேண்டும். சாப்பாட்டைக் கொட்ட முடிவெடுத்தால், எங்கே, யார், எப்படிக் கொண்டுபோவது என்பதையும் அதே நிமிடத்தில் முடிவெடுக்க வேண்டும் என்று எங்களுக்கு அப்போது தோன்றவில்லை.

பீன்ஸும் ரொட்டியும்

ஆயா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: 'பீன்ஸ் டின்னு எங்க கிடைக்கும்?' காய்ந்த சுகர் பீன்ஸ் என்றால் இரவே ஊறவைக்க வேண்டும். டின் என்றால் திறந்து போடலாம். மொத்த விற்பனைக் கடையில் மூன்று கிலோ டின் 30, சின்ன டின் இருந்த மட்டும். ஒரு பேக்கரி, இரண்டு கடைகள் என்று அலைந்து ரொட்டி 170. உருளைக்கிழங்கு 40 கிலோ.

அண்டாக்களைக் கொதிநீர் ஊற்றித் தேய்க்கவே நாற்பது நிமிடம் போயிற்று. அந்த வேலையைச் செய்தவர்கள் யார் என்று குறித்து வைத்திருக்கிறேன்: ஆயா, நான், காவலர், அவர் கூட்டிவந்த மூன்று பெண்கள். சட்டைபோட்ட தொண்டர்கள் 10.07க்குச் சரியாகக் கிளம்பிவிட்டார்கள். ஏழு பேர் மட்டும் தங்கினார்கள். அதில் இருவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு 170 ரொட்டியையும் நாலாக வெட்டினார்கள்.

வெங்காயம், கறிவேப்பிலை, இஞ்சி பூண்டு, மசாலா. டர்பன் மசாலா சிவப்பாக, காரமாக இருக்கும். 12.35க்கு முதல் அண்டா கொதியோடு இறங்கியது. கால் ரொட்டியின் நடுவைத் தோண்டி, பீன்ஸ் குழம்பை ஊற்றி, தோண்டிய துண்டை மூடிபோல் மேலே வைத்துக் கொடுத்தோம். இங்கே அதற்குப் பன்னி சௌ என்று பெயர், டர்பனில் தெரியாதவர் கிடையாது. தட்டு வேண்டாம், கரண்டி வேண்டாம். அண்டாவிலிருந்து நேராகக் கைக்கு.

கொடுத்தது 412. வரிசையில் மூன்றில் ஒரு பங்கு ஏற்கெனவே போய்விட்டிருந்தது. கவுன்சிலரும் பதினொரு மணிக்கே கிளம்பிவிட்டார். மிச்ச ரொட்டி ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போனது.

காலையில் பிரியாணி சாப்பிட்ட மூன்று தொண்டர்களில் இருவருக்குப் பதினொன்றரை மணிவாக்கில் வாந்தி எடுத்தது. ஒருவரைக் கிளினிக்குக்கு அழைத்துப்போனோம். மறுநாள் இருவரும் தேறிவிட்டார்கள். சாப்பாட்டில் ஒரு கிண்ணம் எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்திருந்தால் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கலாம். எல்லாவற்றையும் புதைத்துவிட்டபின் அதைச் செய்ய வழியில்லை. எனவே பிரியாணிதான் காரணம் என்று நேரத்தை வைத்துச் சொல்கிறோமே தவிர, சோதித்துச் சொல்லவில்லை.

அடுத்த நாட்கள்

ஞாயிற்றுக்கிழமை இரவு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றத் தொடங்கியது. 'நமக்குக் கொடுப்பதைவிடப் புதைப்பது மேல் என்று இந்தியர்கள் நினைக்கிறார்கள்' என்பது அதன் சாரம். 2021 ஜூலைக் கலவரத்தில் டர்பனின் வடக்கே, இந்தியர்கள் அதிகம் வாழும் ஃபீனிக்ஸில் கறுப்பினத்தவர் பலர் கொல்லப்பட்டதற்குப் பிறகு, இந்த ஊரில் அப்படி ஒரு வாக்கியம் எவ்வளவு எளிதாகப் பற்றும் என்பதை விளக்க வேண்டியதில்லை. குழுவில் சிலர் உடனே மறுப்பறிக்கை தயாரித்தார்கள். கடிதத் தாளில், இலச்சினையோடு, 'வன்மையாக மறுக்கிறோம்' என்று. நானே தட்டச்சு செய்தேன்.

அதை அனுப்பாமல் தடுத்தவர் காவலர். காகிதம் அனுப்பினால் இன்னொரு குரல் பதிவு வரும், நேரில் வாருங்கள் என்றார். ஜூலை 18 மாலை, அதாவது மண்டேலாவின் உண்மையான பிறந்தநாளன்று, ஐந்து பேர் சரிவில் இறங்கிப் போனோம். பேனர் இல்லை, படம் எடுக்கவில்லை. அங்கன்வாடி மாதிரி ஓர் அறை, குழந்தைகளின் சின்ன நாற்காலிகள். தலைவருக்கு அதில் உட்கார முடியாமல் கடைசிவரை நின்றுகொண்டே இருந்தார்.

நடந்ததை வரிசையாகச் சொன்னோம். காவலர் மொழிபெயர்த்தார். தெர்மாமீட்டர் எண்களைச் சொன்னபோது யாருக்கும் அதில் ஆர்வம் இல்லை. இரண்டு பேர் வாந்தி எடுத்ததைச் சொன்னதும் அறையில் பேச்சு மாறியது. பிறகு, அன்று டப்பாவை நீட்டிய அதே கோகோ ஒரு கேள்வி கேட்டார்: எங்களைக் கூப்பிட்டு ஏன் காட்டவில்லை? அண்டாவைத் திறந்து காட்டியிருந்தால் நாங்களே மோந்து பார்த்திருப்போமே, சோறு கெட்டால் எங்களுக்குத் தெரியாதா?

எங்கள் பக்கம் யாரிடமும் பதில் இல்லை. சேமிப்பறையில் ஆறு பேர் கதவைச் சாத்திக்கொண்டு முடிவெடுத்தபோது, வெளியே நின்ற அறுநூறு பேரில் குறைந்தது நூறு பேருக்காவது ஆயாவுக்குத் தெரிந்தது தெரிந்திருக்கும். திறந்த அண்டாவைச் சுற்றி நாலு கோகோக்கள் நின்று மோந்து பார்த்து 'வேண்டாம்' என்று சொல்லியிருந்தால், சோப்புத் தண்ணீரும் தேவைப்பட்டிருக்காது, குரல் பதிவும் வந்திருக்காது. அறிவிப்பில் உண்மையைச் சொன்னோம் என்று நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். காட்டாமல் சொன்ன உண்மையை அவர்கள் ஏன் நம்ப வேண்டும்?

குரல் பதிவு அதோடு நின்றுவிடவில்லை. இன்னும் இரண்டு வாரம் சுற்றியது. ஆனால் சரிவிலிருந்தே சிலர் அதற்குப் பதில் பதிவு போட்டார்கள் என்று காவலர் சொன்னார்.

மறு ஆண்டு மாற்றியவை, மாறாதவை

முந்தின இரவுச் சமையல் இல்லை. காய் நறுக்குவது மட்டும் வெள்ளிக்கிழமை. விடியற்காலை நாலரைக்கு அடுப்பு. பெரிய அண்டாவுக்குப் பதில் 30 லிட்டர் பாத்திரங்கள், ஒவ்வொன்றும் இறங்க இறங்கப் பரிமாறிவிடுவது. பிரியாணியையும் விட்டுவிட்டோம். பீன்ஸ் குழம்பும் ரொட்டியும், கூடவே சோளத்தை உடைத்துப் பீன்ஸோடு வேகவைக்கும் சாம்ப். அது மண்டேலாவுக்கு மிகவும் பிடித்தது என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். சாம்ப் சமைப்பது எங்கள் ஆட்களுக்கு அவ்வளவாகக் கைவராது. சரிவிலிருந்து நாலு பெண்கள் சமையலுக்கு வந்தார்கள், டப்பா நீட்டிய கோகோ அதில் ஒருவர். சமையலுக்குக் கூலி உண்டு. ஆயாவுக்கும் உண்டு என்றபோது அவர் வாங்க மறுத்து, பிறகு கோகோ வாங்குவதைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். இருவருக்கும் பொது மொழி கிடையாது. உப்புப் பார்க்க ஒருவர் உள்ளங்கையில் இன்னொருவர் ஊற்றிக்கொள்வார்கள்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தாள்: இறக்கிய நேரம், சூடு, முடித்த நேரம். முதல் பாத்திரத்திலிருந்து ஒரு கிண்ணம் குளிர்பெட்டிக்கு. விருந்தினர் பேச்சு சாப்பாட்டுக்குப் பிறகு. இதைக் கேட்ட கவுன்சிலர் அலுவலகம் அந்த ஆண்டு ஆளனுப்பவில்லை.

தொண்டர்கள் பாதியாகக் குறைந்தார்கள். நாலரை மணிக்கு வெங்காயம் வதக்குவது யாருக்கும் வசதிப்படுவதில்லை, அதைப் படமெடுத்தால் புகைதான் தெரியும். அலுவலகங்களுக்கு 67 நிமிடத் துண்டுகளாக வேலையைப் பிரித்து ஒரு பட்டியல் அனுப்பினேன். ரொட்டி வெட்டுவது, பரிமாறுவது, பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவது ஆகிய துண்டுகள் இரண்டே நாளில் நிரம்பிவிட்டன. மதியம் ஒன்று முதல் 2.07 வரை பாத்திரம் கழுவுவதும் அந்தப் பட்டியலில் உண்டு. இதை எழுதும் இன்றுவரை அதில் மூன்று பெயர்கள்தான். ஒன்று என்னுடையது.